சூப்பர்ப் ஸ்டார்லிங்: வயிற்று நிறத்தை மட்டும் நம்பினால் பெயர் மாறிப்போகும்

கென்யா, தான்சானியா சஃபாரி போய் வந்தவர்கள் போடும் படங்களில் அடிக்கடி பெயர் மாறிப்போகும் பறவை இது. நம்மூர் மைனாவின் குடும்பம்தான். கருந்தலை, மினுமினுக்கும் நீலப்பச்சை முதுகு, செங்காவி வயிறு. வயிற்றைப் பார்த்ததும் ‘சூப்பர்ப்’ என்று எழுதிவிடுவதுதான் முதல் தவறு. ஹில்டெபிராண்ட் ஸ்டார்லிங் என்ற இன்னொரு இனத்தின் வயிறும் காவிதான். மசாய் மாராவிலும் செரெங்கெட்டியிலும் இரண்டும் ஒரே புல்வெளியில் மேயும்.

மார்பு நீலமும் வயிற்றுக் காவியும் சேரும் இடத்தைப் பாருங்கள். அங்கே மெல்லிய வெள்ளைப் பட்டை இருந்தால் சூப்பர்ப். கண் வெளிறிய பால்வெள்ளை, ஹில்டெபிராண்டுக்குச் செம்மை. இங்கேதான் சூப்பர்பின் இளம்பறவை ஏமாற்றும்: அதன் கண் பழுப்பு, பட்டையும் மங்கல், சிலவற்றில் பட்டையே இருக்காது. அப்போது வாலடியைப் பாருங்கள். வெள்ளையென்றால் சூப்பர்ப், காவியென்றால் மற்றது. பறக்கும்போது சூப்பர்பின் இறக்கை அடிப்புறமும் வெள்ளையாகத் தெரியும். அதனால் பின்பக்கமாகவும் ஒரு படம் எடுத்து வையுங்கள்.

நிழலில் பார்த்துவிட்டு ‘கறுப்புப் பறவை’ என்று குறிப்பதும் நடக்கிறது. அந்த மினுமினுப்பு வெறும் சாயம் அல்ல. இறகின் நுண்ணடுக்குகளில் ஒளி பட்டுத் தெறிப்பதால் வருவது. வெயில் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி நின்று பாருங்கள், நீலம் எழுந்து வரும். ஆண், பெண் நிறத்தில் ஒன்றுபோலவே இருக்கும். பளிச்சென்றிருப்பதை ஆண் என்று முடிவு கட்ட வேண்டாம்.

அடர்காட்டில் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். முள்மரங்கள் நிற்கும் வறண்ட சவானா, விடுதி முற்றம், நைரோபித் தோட்டங்கள் இவைதான் இதன் இடம். பெரும்பாலும் தரையில் ஓடி ஓடிப் பூச்சி பிடிக்கும். சாப்பாட்டு மேசைக்கே வந்து நிற்கும் என்பதற்காக ரொட்டி போடுவது கெட்ட பழக்கம்.

ஒரே கூட்டுக்கு நாலைந்து பறவைகள் இரை கொண்டுபோவதைக் கண்டு, பல ஜோடிகள் பங்கு போட்டுக் குடியிருப்பதாகச் சிலர் எண்ணுகிறார்கள். அவை உதவியாளர்கள். மத்திய கென்யாவில் 20 ஆண்டு கவனித்த ஆய்வு 2025இல் வெளியானது: உறவில்லாத பறவைகளும் உதவுகின்றன, பிறகு பாத்திரம் மாறி உதவி பெறுகின்றன.

அதன் குரலையும் வெறும் இரைச்சல் என்று தள்ளிவிடாதீர்கள். தரையில் வரும் எதிரிக்கு ஒரு எச்சரிக்கை, வானத்து எதிரிக்கு வேறொன்று. கென்யாவின் அம்போசெலி பூங்காவில் வெர்வெட் குரங்குகளே அதைக் கேட்டு மரமேறுவதா, மேலே பார்ப்பதா என்று முடிவு செய்கின்றன.