வடிகட்டிக்கு நல்ல கடிதத்தையும் காட்டுங்கள்

பெங்களூரில் கணினி வேலை பார்க்கும் ஒருவர் பொழுதுபோக்காகச் சொந்த மின்னஞ்சல் சர்வர் வைத்துக்கொண்டால் போதும், மாமனாரின் அச்சகம், அல்சூர் கோயில் விழாக் குழு, பானஸ்வாடி அடுக்ககச் சங்கம் என்று ஒவ்வொருவராக அதில் முகவரி கேட்டு வந்துவிடுவார்கள். அதன்பின் அது பொழுதுபோக்கு அல்ல. ஒரு கல்யாணப் பத்திரிகை ஸ்பேம் பெட்டியில் விழுந்தால் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

அனுப்பும் பக்கத்துத் தவறுகளைச் சீக்கிரம் சொல்லி முடித்துவிடலாம். வீட்டு பிராட்பேண்டிலிருந்து நேரடியாக அஞ்சல் அனுப்பாதீர்கள். ஸ்பேம் தடைப் பட்டியல்களை வெளியிடும் ஸ்பேம்ஹவுஸ் அத்தகைய ஐ.பி. முகவரிகளைத் தனிப் பட்டியலில் வைத்திருக்கிறது. நீங்கள் எந்தத் தப்பும் செய்யாமலேயே அதில் இருப்பீர்கள். வாடகை சர்வர் எடுப்பதென்றால், அஞ்சல் வெளியே போகும் வழியான போர்ட் 25 திறந்திருக்கிறதா என்று பணம் கட்டும் முன்பே கேளுங்கள். பெங்களூரிலேயே டேட்டா சென்டர் உள்ள டிஜிட்டல் ஓஷன் உட்படப் பலர் அதை அடைத்துத்தான் கொடுக்கிறார்கள். ஐ.பி. முகவரிக்குரிய பெயரைச் சொல்லும் பி.டி.ஆர். பதிவு சர்வரின் பெயரோடு பொருந்த வேண்டும். அஞ்சல் உண்மையில் உங்களிடமிருந்துதான் வந்தது என்று பெறுபவரின் சர்வர் சரிபார்க்க உதவும் எஸ்.பி.எஃப்., டிகிம், டிமார்க் மூன்றையும் வைத்துவிடுங்கள். நாளுக்கு 5000 அஞ்சலுக்கு மேல் அனுப்புவோருக்குத்தான் ஜிமெயில் 2024 பிப்ரவரி முதல் மூன்றையும் கட்டாயமாக்கியது என்றாலும், சின்ன சர்வருக்கும் அவை இல்லாமல் மரியாதை கிடைப்பதில்லை.

மின்வெட்டுக்குப் பயந்து இரண்டாவதாக ஒரு எம்.எக்ஸ். சர்வர், அதாவது வரும் அஞ்சலை வாங்கும் சர்வர், வைப்பது இன்னொரு வழக்கம். தேவையே இல்லை. உங்கள் சர்வர் சில மணி நேரம் படுத்துக் கிடந்தாலும், அனுப்பிய சர்வர் அஞ்சலை வரிசையில் வைத்துத் திரும்பத் திரும்ப முயலும். அஞ்சல் சர்வர் மென்பொருளான போஸ்ட்ஃபிக்ஸ் வழக்கமாக 5 நாள் வரை முயல்கிறது. ஸ்பேம் வடிகட்டி சரியாக இல்லாத இரண்டாவது சர்வரை ஸ்பேம் அனுப்புவோர்தான் தேடி வருவார்கள்.

இனி வடிகட்டி. ஸ்பேம் அசாசின் என்ற வடிகட்டி மென்பொருளில், பார்த்த அஞ்சல்களின் சொற்களிலிருந்து கற்கும் பேயஸ் பகுதி, குறைந்தது 200 ஸ்பேமும் 200 நல்ல அஞ்சலும் படித்த பிறகே மதிப்பெண் போடத் தொடங்கும். எல்லோரும் ஆர்வமாக ஸ்பேமை அள்ளி ஊட்டுகிறார்கள். நல்ல அஞ்சலைக் காட்ட மறந்துவிடுகிறார்கள். இதன் விளைவு தமிழர் வீடுகளில்தான் வேடிக்கையாக இருக்கும். அலுவலகக் கடிதம் எல்லாம் ஆங்கிலம். தமிழில் வந்து ஸ்பேம் என்று குறிக்கப்பட்டவை ஓசூர் மனை விளம்பரங்கள். வடிகட்டி பார்த்த தமிழே அவ்வளவுதான் என்றால் ‘அன்புடையீர்’, ‘வணக்கம்’, ‘குடும்பத்துடன்’ எல்லாம் அதன் கணக்கில் குற்றச் சாட்சிகள். அடுத்து அத்தையின் அறுபதாம் கல்யாண அழைப்பு வரும்போது அது என்ன செய்யும்? உறவினர் கடிதங்களையும் சங்கத்தின் கூட்ட அறிவிப்புகளையும் நல்ல அஞ்சலாகத் தேடி எடுத்து ஊட்டுங்கள். கன்னடக் கடிதங்களுக்கும் இதுவே விதி.

இந்தப் பயிற்சியை ரூட் என்னும் நிர்வாகிக் கணக்கிலிருந்து கொடுப்பது மிகப் பரவலான தவறு. வடிகட்டியோ வேறொரு பயனர் பெயரில் ஓடுகிறது. அதற்கென்று தனித் தரவுத்தளம் இருக்கிறது. மாதக்கணக்கில் பாடம் நடக்கும், மாணவன் வேறு வகுப்பில் உட்கார்ந்திருப்பான். வடிகட்டி ஓடும் பயனராகவே நின்று, எத்தனை ஸ்பேம், எத்தனை நல்ல அஞ்சல் பதிவாகியிருக்கிறது என்று பார்த்துவிடுங்கள்.

அஞ்சல் பெட்டிகளைக் கவனிக்கும் டவ்காட் மென்பொருளில், ஸ்பேம் பெட்டிக்குள் இழுத்துப் போட்டால் ஸ்பேம், வெளியே எடுத்தால் நல்லது என்று தானாகவே கற்கும்படி அமைக்கலாம். நல்ல ஏற்பாடுதான், ஆனால் குப்பைத் தொட்டியை அதிலிருந்து விலக்க மறக்காதீர்கள். இல்லையென்றால் ஸ்பேம் பெட்டியைக் காலி செய்பவர் தொட்டிக்கு நகர்த்தும் ஒவ்வொன்றும் நல்ல கடிதம் என்று பதிவாகும். எதிர்ப்பக்கத்திலும் தொல்லை உண்டு. வங்கியின் கடன் விளம்பரம் எரிச்சலூட்டுகிறது என்று ஸ்பேம் பொத்தானை அழுத்துகிறார்கள். அதே வங்கியின் கணக்கு அறிக்கையும் ஏறக்குறைய அதே சொற்களோடுதான் வருகிறது. சில வாரங்களில் அதுவும் காணாமல் போகும். தானே கேட்டு வாங்கிய விளம்பரத்தை நிறுத்த, சந்தா விலக்கும் இணைப்பு போதும். இதை வீட்டாருக்குச் சொல்லிப் புரியவைப்பது சர்வர் அமைப்பதைவிடக் கடினம் என்பது என் கருத்து.

அனுப்புபவர் தடைப் பட்டியலில் இருக்கிறாரா என்று கேட்க, கூகுளின் 8.8.8.8 போன்ற பொது டி.என்.எஸ்.ஸை (இணையப் பெயர்களைத் தேடித் தரும் சேவை) பயன்படுத்தினால் ஸ்பேம்ஹவுஸ் முறையான பதில் தராது. சர்வரிலேயே அன்பவுண்ட் என்ற டி.என்.எஸ். மென்பொருளை நிறுவிக்கொள்ளுங்கள்.

ஸ்பேம் என்று உறுதியாகத் தெரிவதை வாங்கி வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் அழிப்பதும் தவறு, பிறகு திருப்பி அனுப்புவதும் தவறு. அனுப்புநர் முகவரி பெரும்பாலும் போலி என்பதால், திருப்பி அனுப்பினால் சம்பந்தமில்லாத யாரோ ஒருவரின் பெட்டிதான் நிரம்பும். அனுப்பும் சர்வருடன் இணைப்பு திறந்திருக்கும்போதே மறுத்துவிடுங்கள். தவறாக மறுக்கப்பட்டது நல்ல கடிதம் என்றால், எழுதியவருக்கு அவருடைய சர்வரே அதைத் தெரிவித்துவிடும். அவர் தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்க வழி இருக்கும்.