மலைநாட்டு வைத்தியசாலைக்கு மொனிட்டர் வாங்கும்போது நடக்கும் தவறுகள்

சிறிய வைத்தியசாலையிலிருந்து ஒரு நோயாளியைக் கண்டிக்கு மாற்றி அனுப்பும்போது, அம்புலன்ஸில் அவருக்குத் துணையாகப் போவது ஒரு தாதியும், பிரஷர், ஒட்சிசன், இதயத் துடிப்பு ஆகியவற்றைத் திரையில் காட்டும் ஒரு கையடக்க மொனிட்டரும்தான். நுவரெலியாவிலிருந்து ரம்பொடை வளைவுகள் வழியே இறங்க இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். கொழும்புக் கடையில் மேசைமேல் வைத்துக் காட்டும்போது எல்லா மொனிட்டரும் ஒழுங்காக வேலை செய்யும். அந்தப் பாதையை நினைக்காமல் திரையின் அளவைப் பார்த்து வாங்கிவிடுகிறார்கள்.

விவரத்தாளில் பலர் கவனிக்காத ஒரு வரி உண்டு: கருவி இயங்கக்கூடிய வளிமண்டல அமுக்கம். “86 முதல் 106 கிலோபாஸ்கல்” என்று குறித்த கருவிகள் சந்தையில் இருக்கின்றன. கொழும்புக்கு அது போதும். ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் அமுக்கம் 81 கிலோபாஸ்கல் அளவில்தான் இருக்கும். அப்படியானால் அந்தக் கருவி அங்கே சரியாக இயங்கும் என்று தயாரித்தவரே சொல்லவில்லை. எல்லை 70 கிலோபாஸ்கலில் தொடங்கும் கருவியைக் கேட்டு வாங்குங்கள். மூச்சிலுள்ள காபனீரொட்சைட்டை அளக்கும் வசதியும் வேண்டுமென்றால், உள்ளூர் அமுக்கத்துக்கு ஏற்ப அது தன்னைத் திருத்திக்கொள்கிறதா என்று கேளுங்கள்.

என்னை அதிகம் வருத்துவது பிரஷர் கஃப், அதாவது இரத்த அழுத்தம் பார்க்கக் கையில் சுற்றி ஊதும் பட்டி, விஷயம். பெரியவர்களுக்கான ஒரே ஒரு கஃபோடு மொனிட்டரை வாங்கி வைத்துவிடுகிறார்கள். கொழுந்து பறிக்கும் பெண்கள் பலருக்கு மெலிந்த கை. மெலிந்த கையில் பெரிய கஃபைச் சுற்றினால் பிரஷர் உள்ளதைவிடக் குறைவாகக் காட்டும். பருத்த கையில் சிறிய கஃபைச் சுற்றினால் கூட்டிக் காட்டும். கர்ப்பிணித் தாய்க்கு 140/90 என்பது எச்சரிக்கைக் கோடு. உண்மையில் 145 இருப்பவருக்குத் திரையில் 136 வந்தால், “பிரச்சினை இல்லை, வீட்டுக்குப் போங்கம்மா” என்று அனுப்பிவிடுவோம். போதாததற்கு, கர்ப்பகால உயர் அழுத்த நோயில் சில தானியங்கிக் கருவிகள் சரியான கஃபோடும் குறைத்தே காட்டுகின்றன. ஆகவே கர்ப்பிணிகளிடம் பரிசோதித்து உறுதிசெய்த கருவியா என்று கேளுங்கள். சிறுவர், மெலிந்த பெரியவர், பெரியவர், பருத்தவர் என நான்கு அளவு கஃபும், கையின் சுற்றளவை அளக்க ஒரு நாடாவும் கட்டாயம் இருக்க வேண்டும்.

வண்டி குலுங்கும்போது கஃப் மறுபடி மறுபடி ஊதிப் பார்த்துவிட்டுப் பிழை என்று காட்டும். சந்தேகமாக இருந்தால் ஓரமாக நிறுத்தி எடுப்பதுதான் நல்லது.

பற்றரிக்கு வருவோம். “4 மணி நேரம்” என்ற கணக்கு பெரும்பாலும் புதுப் பற்றரியில், 15 நிமிடத்துக்கு ஒரு தடவை பிரஷர் எடுத்துப் பார்த்தது. 5 நிமிடத்துக்கு ஒரு தடவை எடுத்தால் அது சீக்கிரம் இறங்கும். இரண்டு வருடம் பழகிய பற்றரி இன்னும் குறைவாகத்தான் தாங்கும். வாங்குமுன் முழுதாகச் சார்ஜ் செய்து, வயரைக் கழற்றி, உங்கள் தேவைக்கேற்ப ஓடவிட்டு நேரத்தைக் குறியுங்கள். ஆணி கழற்றாமல் மாற்றக்கூடிய பற்றரியும், கைவசம் இன்னொன்றும் வேண்டும். 2022 மார்ச் கடைசியில் 13 மணி நேர மின்வெட்டு வந்தது நமக்கு மறக்காது.

அப்புறம் குளிர். விரல் சில்லிட்டால் இரத்த ஓட்டம் குறைந்து, ஒட்சிசன் சென்சர் தடுமாறும். கடைக்காரர் முன்னாலேயே குளிர்ந்த தண்ணீரில் ஒரு நிமிடம் கையை வைத்துத் துடைத்துவிட்டு, சென்சரை மாட்டிப் பாருங்கள். திரையில் எண்ணோடு நாடித்துடிப்பைக் காட்டும் அலைக்கோடும் சீராக வருகிறதா என்று கவனியுங்கள். அலை கலைந்திருந்தால் அந்த எண்ணை நம்ப வேண்டாம். கருமையான தோலில் சில சென்சர்கள் ஒட்சிசனைக் கூட்டிக் காட்டுவதுண்டு. ஒட்சிசன் 93 வீதம் என்று வந்தாலும் நோயாளி மூச்சுக்குத் திணறினால் அவரைத்தான் பார்க்க வேண்டும்.

விலை பேசும்போது பலர் மொனிட்டரின் விலையை மட்டும் பார்க்கிறார்கள். தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையில் பதிந்த கருவியா என்பதை முதலில் பாருங்கள். வேறு கம்பனியின் கேபிள் பொருந்துமா, பழுதானால் கொழும்பிலிருந்து ஆள் வர எத்தனை நாளாகும், அதுவரை மாற்றுக் கருவி தருவார்களா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். ஒட்சிசன் சென்சர், இசிஜி கேபிள், கஃப், பற்றரி ஆகியவற்றின் தனித்தனி விலையும் அதே விலைமனுவில் இருக்கட்டும்.