காசு கட்டாம ஆஃப்சைட் பேக்கப்: ரெண்டு ஹார்ட் டிஸ்க், ஒரு ஊர் வீடு

லேப்டாப்ல ஒரு காப்பி, அதே மேசை டிராயர்ல எக்ஸ்டர்னல் டிஸ்க்ல இன்னொரு காப்பி, இத வச்சுக்கிட்டு "நான் பேக்கப் எடுத்துட்டேன்"னு நிம்மதியா இருக்கிறவங்க நிறைய பேர். வீட்டுக்குள்ள தண்ணி வந்தா ரெண்டும் சேர்ந்துதான் நனையும், திருடன் வந்தா லேப்டாப் பையோட டிஸ்க்கையும் சேர்த்துத்தான் தூக்கிட்டுப் போவான். மூணு காப்பி, ரெண்டு வேற வேற மீடியா, அதுல ஒண்ணு வேற எடத்துல, இத 3-2-1 ரூல்னு சொல்லுவாங்க, பீட்டர் க்ரோக்னு ஒரு போட்டோகிராபர் பிரபலப்படுத்துனது. மொத ரெண்டையும் எல்லாரும் எப்படியோ பண்ணிடறாங்க, கடைசி "ஒண்ணு வேற எடத்துல"தான் யாரும் பண்றதில்ல, ஏன்னா அதுன்னாலே கிளவுட், மாசாமாசம் காசுன்னு நெனப்பு.

கிளவுட் மோசம்னு சொல்ல வரல. ஆனா கூகுள்ல ஃப்ரீயா கெடைக்கிற 15 ஜிபிய ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூணும் பங்கு போட்டுக்கும், போட்டோவுக்கு அன்லிமிடெட்னு இருந்தத 2021 ஜூன் 1-ஓட நிறுத்திட்டாங்க, இப்ப ஆண்ட்ராய்டுல வாட்ஸ்அப் பேக்கப்பும் அதே 15-லதான் கழியுது. ஒரு கல்யாண வீடியோ போதும், அது ரொம்பிரும். அப்புறம் காசு கட்ட ஆரம்பிச்சா டேட்டா வளர வளர பிளானும் வளரும், நிறுத்தவே முடியாது. நம்மாளுங்களுக்கு இதுக்கு ஒரு நல்ல மாற்று ஏற்கனவே கையில இருக்கு, அதான் ஊர் வீடு. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் எப்படியும் போகத்தான் போறோம்.

மொதல்ல என்னத்த எடுக்கணும்னு முடிவு பண்ணுங்க. எல்லாத்தையும் எடுக்கணும்னு ஆரம்பிச்சா எதையும் எடுக்க மாட்டீங்க, இது அனுபவம். நான் பாக்குறது ஒண்ணே ஒண்ணுதான், இது தொலைஞ்சா திரும்ப எங்கயாவது கெடைக்குமா? டவுன்லோட் பண்ண படம், சாஃப்ட்வேர் இன்ஸ்டாலர் எல்லாம் கெடைக்கும், விடுங்க. டிரைவிங் லைசென்ஸ், மார்க் ஷீட் மாதிரி டிஜிலாக்கர்ல இருக்கிறது திரும்ப எடுத்துக்கலாம், பட்டா, வில்லங்கச் சான்றிதழ் ரெண்டும் அரசாங்க சைட்லயே மறுபடி எடுக்கலாம். ஆனா தாத்தாவோட பழைய போட்டோவ ஸ்கேன் பண்ணது, புள்ளைங்க வீடியோ, அப்பா வாட்ஸ்அப்ல அனுப்புன வாய்ஸ் மெசேஜ், நீங்க எழுதுன கோப்பு, கணக்கு, இதெல்லாம் போனா போனதுதான். இத மட்டும் கம்ப்யூட்டர்ல ஒரே ஃபோல்டருக்குள்ள கொண்டு வாங்க. போன்ல இருக்கிறத கேபிள் போட்டு இழுக்கலாம், இல்ல ரெண்டு மெஷின்லயும் ஃபைல ஒரே மாதிரி வச்சுக்குற சிங்திங் ஆப்பப் போட்டு வீட்டு வைஃபைலயே தானா வர வைக்கலாம் (அதோட ஆண்ட்ராய்டு ஆப்ப 2024 கடைசில நிறுத்திட்டாங்க, வேற ஆளுங்க எடுத்து நடத்துற சிங்திங் ஃபோர்க்தான் இப்ப போடணும்). கூகுள் போட்டோஸ்ல மாட்டிக்கிட்டு இருக்கிறத கூகுள் டேக்அவுட் மூலமா மொத்தமா ஜிப்பா எடுத்துக்கலாம்.

அடுத்து டிஸ்க். ஒரே சைஸ்ல ரெண்டு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் வேணும், சுத்துற பழைய டைப்பே போதும். எஸ்எஸ்டியும் பென்டிரைவும் வேகம்தான், ஆனா கரண்ட் இல்லாம வருஷக்கணக்குல அலமாரில கெடந்தா உள்ள இருக்கிற சார்ஜ் கசிஞ்சு டேட்டா கெட வாய்ப்பு இருக்கு, அதனால பீரோவுக்குள்ள தூங்கப் போற காப்பிக்கு அது வேணாம். ஆன்லைன்ல 16 டிபி பென்டிரைவ் சில நூறு ரூபாய்க்குன்னு விளம்பரம் வரும், அது சுத்தப் பொய், உள்ள சின்ன சிப்ப வச்சு சைஸ மட்டும் பெருசா காட்டும். சந்தேகமா இருந்தா ஹெச்2டெஸ்ட்டபிள்யூன்னு ஒரு ஃப்ரீ டூல் இருக்கு, முழுசா எழுதிப் படிச்சுப் பாத்து உண்மையச் சொல்லிடும். வீட்ல ஏற்கனவே பழைய டிஸ்க் கெடந்தா டிஸ்க்கோட ஆரோக்கியத்தச் சொல்ற கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போட்டு பாருங்க, நீலத்துல "குட்"னு வந்தா வச்சுக்கலாம், மஞ்சள்ல எச்சரிக்கை வந்தா இந்த வேலைக்கு அத நம்பாதீங்க.

ஏன் ரெண்டுன்னா, ஒண்ணுதான் இருந்தா புது டேட்டா ஏத்த அத ஊர்ல இருந்து சென்னைக்குக் கொண்டு வரணும், கொண்டு வந்த அந்த வாரம் பூரா எல்லா காப்பியும் ஒரே வீட்ல இருக்கும். ரெண்டு இருந்தா ஒண்ணு எப்பவும் ஊர்ல, இன்னொண்ணு உங்ககிட்ட. ஊருக்குப் போறதுக்கு மொத நாள் கையில இருக்கிறதுல புதுசா பேக்கப் ஓட்டுங்க, எடுத்துட்டுப் போய் அங்க வைங்க, அங்க இருக்கிற பழசக் கொண்டு வாங்க. அவ்ளோதான் சிஸ்டம். ரெண்டுக்கும் பேர் எழுதி ஒட்டுங்க, இல்லன்னா எது புதுசுன்னு ஊர் பஸ் ஸ்டாண்ட்லயே கொழம்பிரும். பஸ்ல போறப்ப டிக்கில போடுற பைக்குள்ள வேணாம், கைப்பைல துணிக்கு நடுவுல வச்சு மடியில வச்சுக்குங்க.

எடுத்துட்டுப் போற வழில தொலைஞ்சா? அதுக்குத்தான் என்கிரிப்ஷன், அதாவது பாஸ்வேர்டு இல்லாம யாரும் படிக்க முடியாதபடி டேட்டாவப் பூட்டுறது, இத விட்டுட்டு மத்ததெல்லாம் பண்ணி பிரயோஜனம் இல்ல. உங்க ஆதார், பான், பேங்க் ஸ்டேட்மென்ட், குடும்ப போட்டோ எல்லாம் ஒரு டிஸ்க்ல, அது யார் கையிலயோ. விண்டோஸ் ஹோம் எடிஷன்ல, விண்டோஸோட சொந்தப் பூட்டு பிட்லாக்கர் வச்சு எக்ஸ்டர்னல் டிஸ்க்க புதுசா பூட்ட முடியாது, ப்ரோ வேணும். வெராகிரிப்ட்னு வேற ஒரு பூட்டுற ஆப் ஃப்ரீ, நல்லாவும் இருக்கும், ஆனா முழு டிஸ்க்கையும் அதுல பூட்டுனா ஒரு வில்லங்கம் இருக்கு, அந்த டிஸ்க்க வேற எந்த விண்டோஸ்ல சொருகினாலும் "ஃபார்மட் பண்ணாத்தான் யூஸ் பண்ண முடியும், பண்ணவா?"ன்னு கேக்கும். ஊர்ல அக்கா பையன் படம் பாக்குறதுக்கு டிஸ்க் தேடி எடுத்து சொருகி ஓகே அமுக்கிட்டான்னா கதை முடிஞ்சுது. அதனால வீட்ல வேற ஆளுங்க கைக்கு எட்டுற டிஸ்க்குக்கு வெராகிரிப்ட்னா முழு டிஸ்க்கா பண்ணாம கண்டெய்னர் ஃபைலா, அதாவது உள்ள எல்லாத்தையும் பூட்டி வைக்கிற ஒரே பெரிய ஃபைலா பண்ணுங்க.

என் சாய்ஸ் அது இல்ல, கோப்பியான்னு ஒரு பேக்கப் ஆப். இது ஃப்ரீ, ஓப்பன் சோர்ஸ், விண்டோஸ்ல ஜன்னல் வச்ச ஆப்பாவே வருது, என்கிரிப்ஷன் தானாவே உள்ள இருக்கு. டிஸ்க்க சாதாரணமா எக்ஸ்ஃபேட்லயோ என்டிஎஃப்எஸ்லயோ ஃபார்மட் பண்ணி அதுல ஒரு ஃபோல்டர் போட்டுக்குங்க. கோப்பியாவத் தொறந்தா ரெப்பாசிட்டரி (பேக்கப்ப வைக்கிற எடம்) எங்கன்னு கேக்கும், லோக்கல் டைரக்டரின்னு குடுத்து அந்த ஃபோல்டரக் காட்டுங்க, பாஸ்வேர்டு போடுங்க, அப்புறம் ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து நெலமையோட காப்பி) பக்கத்துக்குப் போய் உங்க டேட்டா ஃபோல்டரச் சேர்த்து "ஸ்னாப்ஷாட் நவ்". மொத தடவை நேரம் எடுக்கும், ராத்திரி விட்டுட்டுத் தூங்குங்க. அடுத்த தடவைல இருந்து மாறுனது மட்டும்தான் ஏறும். ரெண்டாவது டிஸ்க்குக்கு தனியா இன்னொரு ரெப்பாசிட்டரி. டிஸ்க் மேனேஜ்மென்ட்ல போய் ரெண்டுக்கும் ஆளுக்கொரு டிரைவ் எழுத்த நிரந்தரமா குடுத்துட்டா ஒவ்வொரு தடவையும் வழி தேட வேணாம். லினக்ஸ்ல டெர்மினல் பழக்கம் இருந்தா ரெஸ்டிக், அதே ஐடியாதான், இனிட், பேக்கப், செக், ரீஸ்டோர்னு நாலு கமாண்ட் தெரிஞ்சா போதும்.

சும்மா காப்பி பேஸ்ட் பண்ணா ஆகாதான்னு கேப்பீங்க. ஆகும், ஒண்ணும் இல்லாததுக்கு அது எவ்வளவோ தேவல. ஆனா ஒரு ஃபைல் கெட்டுப்போனது தெரியாம மேல எழுதிட்டீங்கன்னா பேக்கப்லயும் கெட்டதுதான் இருக்கும். ஃபைல எல்லாம் பூட்டிட்டு காசு கேக்குற ரான்சம்வேர் வந்தாலும் அதே கதிதான். ஸ்னாப்ஷாட் முறைல போன மாசத்து நெலமை, அதுக்கு முந்தின மாசத்து நெலமைன்னு பழசும் இருக்கும், வேணுங்கிறதுக்குப் பின்னாடி போய் எடுத்துக்கலாம்.

பாஸ்வேர்ட தொலைச்சா கோப்பியாவோ ரெஸ்டிக்கோ யாரும் திறந்து தர முடியாது, "ஃபர்காட் பாஸ்வேர்டு" பட்டன் கெடையாது. அதனால பேப்பர்ல எழுதுங்க, ஆமா பேப்பர்லதான், பேனா வச்சு. ஒண்ணு சென்னை வீட்ல பத்திரம் வைக்கிற ஃபைலுக்குள்ள, இன்னொண்ணு வீட்டுக்காரம்மா இல்ல வீட்டுக்காரர் கிட்ட, மூணாவது வேற ஒரு ஊர்ல இருக்கிற நம்பிக்கையான ஆள்கிட்ட ஒட்டுன கவர்ல. டிஸ்க் மேலயே ஸ்டிக்கர்ல எழுதி ஒட்டாதீங்க. பாஸ்வேர்டு மேனேஜர்ல மட்டும் வச்சிருக்கேன்னு சொல்றவங்க, லேப்டாப்பும் போனும் ஒரே நாள்ல போச்சுன்னா அந்த மேனேஜருக்குள்ள எப்படிப் போவீங்கன்னு ஒரு தடவை நெனச்சுப் பாருங்க. டிஸ்க்ல பூட்டாத ஒரு சின்ன ஃபோல்டர்ல கோப்பியா இன்ஸ்டாலரையும், எப்படித் திறக்கணும்னு நாலு வரி தமிழ்லயும் போட்டு வைங்க, நீங்க இல்லாத நேரத்துல வேற யாராவது திறக்க வேண்டி வரலாம்.

எங்க வைக்கிறதுங்கிறதுல கொஞ்சம் யோசிக்கணும். 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்துக்கு அப்புறம் "வேற ஊர்ல வச்சா போதும்"னுதான் எல்லாரும் சொல்லிக்கிட்டு இருந்தோம். 2023 டிசம்பர்ல பாருங்க, மாசத் தொடக்கத்துல மிக்ஜாம் புயல் சென்னைய முக்குச்சு, அது வடியறதுக்குள்ள 17, 18 தேதில நெல்லை, தூத்துக்குடி பக்கம் வெள்ளம், காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 90 சென்டிமீட்டருக்கு மேல மழை. ரெண்டு ஊருக்கும் நடுவுல அறுநூறு கிலோமீட்டர். ரெண்டு வீட்லயும் தரைத்தளத்துல கீழ்த்தட்டுல டிஸ்க் வச்சிருந்த ஆளுக்கு அந்த ஒரே மாசத்துல ரெண்டும் போயிருக்கும். அதனால தூரம் மட்டும் போதாது, உயரமும் வேணும். மாடி இருந்தா மாடி, இல்லன்னா பீரோவோட மேல்தட்டு. ஜிப் கவர்ல போட்டு, செருப்பு டப்பால வர்ற சிலிக்கா ஜெல் பொட்டலம் ரெண்டப் போட்டு மூடுங்க. சமையல்கட்டுப் பக்கமும் ஓட்டுக்குக் கீழ பரண்லயும் வேணாம், மே மாசச் சூடு அங்க தாங்காது. மேல பெருசா "படம் பாக்க இல்ல, டிவில சொருகாதீங்க"ன்னு எழுதுங்க, சில டிவியும் ஃபார்மட் பண்ணவான்னு கேக்கும்.

மாத்திக்கிட்டு வந்த பழைய டிஸ்க்க அடுத்த பேக்கப்புக்கு எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு சோதனை போடுங்க. கோப்பியால ஏதாவது ஒரு பழைய ஸ்னாப்ஷாட்டத் திறந்து, ஒரு ஃபோல்டர வேற எடத்துக்கு ரீஸ்டோர் பண்ணி, அதுல நாலு போட்டோ, ஒரு வீடியோவ உண்மையிலேயே ஓட்டிப் பாருங்க. பேப்பர்ல எழுதி வச்ச பாஸ்வேர்டப் பாத்து டைப் அடிங்க, அது ஒண்ணா (1) சின்ன எல்-ஆ (l), சைபரா (0) ஓவா (O)ங்கிற கொழப்பம் அப்பத்தான் தெரியும்.

பண்டிகைக்குப் பண்டிகை போதாது, நடுவுல எடுத்ததும் வேணும்னா, ஊர் வீட்ல இன்டர்நெட் இருந்தா அடுத்த கட்டம் போகலாம். பழைய லேப்டாப் ஒண்ணு அங்க வைங்க. ராஸ்பெர்ரி பைங்கிற கையளவு கம்ப்யூட்டரும் ஆகும், ஆனா கரண்ட் போய்ப் போய் வர்ற ஊர்ல பேட்டரி உள்ள லேப்டாப்தான் நிக்கும். பேட்டரி உப்பியிருந்தா மட்டும் கழட்டிடுங்க. மூடிய மூடுனாலும் தூங்காம இருக்க செட்டிங் மாத்திடுங்க, கம்ப்யூட்டர் ஆன் ஆகுறப்ப போகுற பயாஸ் செட்டிங்ல கரண்ட் வந்ததும் தானா ஆன் ஆகுற ஆப்ஷன் இருந்தா போட்டுடுங்க. இப்ப நெறைய வீட்டு இன்டர்நெட் சிஜிநேட்டுக்குப் பின்னாடி இருக்கு, அதாவது ஒரு பப்ளிக் ஐபிய பல வீடு பகிர்ந்துக்குது, வெளியில இருந்து நேரா உள்ள வர முடியாது. வேற வேற எடத்து மெஷின இணைக்கிற டெயில்ஸ்கேல் ஆப்ப ஃப்ரீ பிளான்ல ரெண்டு பக்கமும் போட்டா அந்தப் பிரச்சினை இல்ல, ரெண்டு மெஷினும் ஒரே வீட்ல இருக்கிற மாதிரி பேசிக்கும். அதுக்கு மேல ஊர் லேப்டாப்ல ரெஸ்டிக்கோட ரெஸ்ட் சர்வர (நெட் வழியா பேக்கப் வாங்கி வைக்கிற புரோகிராம்) அப்பெண்ட் ஒன்லி மோட்ல, அதாவது புதுசு சேர்க்க மட்டும் விடுற மாதிரி ஓட்டுங்க, உங்க கம்ப்யூட்டருக்குள்ள எவனாவது புகுந்தாலும் ஊர்ல இருக்கிற பழைய பேக்கப்ப அழிக்க முடியாது.

மொத காப்பிய நெட்ல அனுப்பாதீங்க. அப்லோடு 40 எம்பிபிஎஸ்னா நொடிக்கு 5 எம்பி, 500 ஜிபிக்கு இடைவிடாம 28 மணி நேரம் ஓடணும். டிஸ்க்ல ஏத்தி பஸ்ல கொண்டு போய் அங்க சொருகிட்டா, அப்புறம் அன்னன்னைக்குப் புதுசு மட்டும்தான் நெட்ல போகும்.

வீட்டுப் பெரியவங்ககிட்ட முன்னாடியே சொல்லி வைங்க. எங்கம்மா போன்ல, "ஏலே, இந்தப் பொட்டி ராத்திரி பூரா மினுங்கிக்கிட்டே கெடக்கு, கரண்டு பில்லு ஏறாதா, நிறுத்திப் போட்டிரவா?"ன்னு கேட்டாங்க. சும்மா இருக்கிற பழைய லேப்டாப் சுமாரா பத்து வாட், மாசம் ஏழு யூனிட், ரெண்டு மாசத்துக்கு ஃப்ரீயா வர்ற 100 யூனிட்ல பதினஞ்சு கூட ஆகாதும்மான்னு கணக்குச் சொன்னதும் விட்டுட்டாங்க. லைட்டு மேல ஒரு துண்டு இன்சுலேஷன் டேப்பும் ஒட்டியாச்சு.

சொந்த ஊர்னு ஒண்ணு இல்லாதவங்க, இப்ப இருக்கிற ஊர்லயே வேற ஏரியால இருக்கிற ஃப்ரெண்டோட டிஸ்க் மாத்திக்கலாம், அவன் டிஸ்க் உங்க பீரோல, உங்களது அவன் பீரோல, ரெண்டும் பூட்டுனது, அதனால யாரும் யாருதையும் பாக்க முடியாது. ஒரே ஆத்தங்கரை ஏரியாவா இல்லாம பாத்துக்குங்க. நகைக்குன்னு பேங்க் லாக்கர் ஏற்கனவே வச்சிருந்தா அதுலயும் ஒரு டிஸ்க் தாராளமாப் போகும், கல்யாணத்துக்கு நகை எடுக்கப் போறப்ப பழசுக்குப் பதிலா புதுசு வச்சுட்டு வந்துடலாம்.