இடத்தைப் பார்க்கப் போகும்போது: சுத்தப் பணித் தொழிலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சுத்தம் செய்து தரும் தொழிலில், ஒரு வேலை கிடைக்குமா கிடைக்காதா என்பது பெரும்பாலும் இடத்தைப் பார்க்கப் போகும் முதல் சந்திப்பிலேயே முடிவாகிவிடுகிறது. முன்பின் தெரியாத ஒருவரைத் தம் வீட்டிலோ அலுவலகத்திலோ தனியாக விடலாமா என்ற தயக்கத்தோடுதான் வாடிக்கையாளர் கதவைத் திறக்கிறார். நேரத்துக்குப் போவது, துவைத்த உடை அணிவது போன்றவற்றை விரித்துச் சொல்லத் தேவையில்லை. ஆனால் சேறு படிந்த காலணியோடு உள்ளே நுழைபவர், அதன் பிறகு சுத்தத்தைப் பற்றி என்ன பேசினாலும் எடுபடாது.

மிகப் பெரிய தவறு, இடத்தை முழுதும் பார்க்காமலேயே தொகையைச் சொல்லிவிடுவது. பரப்பளவை மட்டும் வைத்துக் கணக்கிட முடியாது. ஒரே அளவுள்ள இரண்டு சமையலறைகளில் ஒன்றில் எப்போதாவது சமைப்பார்கள். மற்றொன்றில் அன்றாடம் எண்ணெய்ப் பலகாரம் பொரிப்பார்கள். இரண்டாவதில் எக்ஸாஸ்ட் ஃபேனின் இறக்கைகளில் எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் சேர்ந்து இறுகியிருக்கும்; அதைக் கழற்றிச் சுடுநீரிலும் சோப்புக் கரைசலிலும் ஊறவைக்காமல் எடுக்க முடியாது. இதைக் கவனிக்காமல் குறைந்த தொகைக்கு ஒப்புக்கொண்டவர், வேலை நாளன்று கூடுதலாகக் கேட்டு மனக்கசப்பை வாங்குவார் அல்லது அரைகுறையாக முடித்துப் பெயரைக் கெடுத்துக்கொள்வார்.

பார்ப்பதற்கும் ஒரு முறை உண்டு. அனுமதி கேட்காமல் அலமாரியைத் திறப்பதும், கைபேசியில் படம் எடுப்பதும் கூடாது. குளியலறையைக் கண்டதும் முகம் சுளிப்பதும், "இதற்கு முன் யார் செய்தார்கள், இப்படி விட்டிருக்கிறார்களே" என்று கேட்பதும் தம் திறமையைக் காட்டும் என்று சிலர் நம்புகிறார்கள். சென்ற வாரம்வரை அந்த அறையைக் கழுவியது எதிரே நிற்கும் வீட்டுக்காரராகவே இருக்கலாம் என்பது அவர்களுக்குத் தோன்றுவதில்லை.

எல்லாக் கறையும் போய்விடும் என்று வாக்களிப்பது அடுத்த தவறு. மார்பிள் தரையில் ஒளியிழந்து வெளிறித் தெரியும் திட்டுகள் பல நேரங்களில் கறையே அல்ல. எலுமிச்சைச் சாறோ வினிகரோ ஆசிட்டோ பட்டுக் கல்லின் மேற்பரப்பு அரிக்கப்பட்டதன் அடையாளம். எவ்வளவு தேய்த்தாலும் அது போகாது, பாலிஷ் போட்டால்தான் சரியாகும் என்று அங்கேயே சொல்லிவிட வேண்டும். முடியாததை முடியாது என்று சொல்பவர் மற்றவற்றைச் செய்து முடிப்பார் என்ற நம்பிக்கை வாடிக்கையாளருக்குத் தானாகவே வரும்.

எந்தெந்தத் திரவங்களைப் பயன்படுத்துவீர்கள் என்ற கேள்விக்கு, "எல்லாம் நல்ல சரக்குதான்" என்று மழுப்புவதும் தவறே. வீட்டில் கைக்குழந்தையோ ஆஸ்துமா உள்ளவரோ வளர்ப்புப் பிராணியோ உண்டா என்று நாமே முதலில் கேட்பது முறை. சக்தி கூடும் என்று எண்ணிப் பிளீச்சையும் கழிப்பறை ஆசிட்டையும் கலப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அதிலிருந்து நச்சுத்தன்மையுள்ள குளோரின் வாயு வெளிவரும். அந்த அடிப்படை தெரியாதவர் சந்திப்புக்கே போகக்கூடாது என்பேன்.

பழைய வாடிக்கையாளர்களின் பெயரைச் சொல்லி, அவர்கள் வீட்டில் என்னென்ன இருக்கிறது என்று அளப்பது மிகவும் கெடுதலான பழக்கம். கேட்பவர் வெளியே சிரித்துக்கொண்டிருந்தாலும், நாளை தம் வீட்டுச் சங்கதியும் இப்படித்தான் வெளியே போகும் என்று உள்ளுக்குள் கணக்குப் போட்டுவிடுவார்.

கடைசியாக, வாய்ப்பேச்சோடு விட்டுவிடக் கூடாது. ஜன்னலின் வெளிப்புறமும் ஃபிரிட்ஜின் உட்புறமும் தொகையில் அடங்குமா, மாப்பும் வாக்குவம் கிளீனரும் யாருடையவை, பொருள் உடைந்தால் யார் பொறுப்பு, சாவி யாரிடம் இருக்கும் என்பனவற்றை எழுத்தில் தர வேண்டும். அங்கேயே அட்வான்ஸ் கேட்டு நெருக்காமல், மறுநாளுக்குள் மதிப்பீட்டை அனுப்புவதாகச் சொன்னால் மறுநாளுக்குள் அனுப்பிவிட வேண்டும். பதில் வராவிட்டால் ஒருமுறை நினைவூட்டலாம், அதற்கு மேல் வேண்டாம்.