கோயிலுக்குப் போய்விட்டு வந்தால் ஏன் கோபம்?

எங்கள் வீட்டில் பாத்திரம் துலக்க வரும் அக்கா ஒரு நாள் சாதாரணமாகத்தான் கேட்டார். “ஏம்மா, மத்த நாள்லாம் நல்லாத்தான பேசுறீங்க. ஞாயித்துக்கிழமை கோயிலுக்குப் போய்ட்டு வந்தா மட்டும் ஏன் எரிஞ்சு விழுறீங்க?”

என்னிடம் காரணம் இருந்தது. விடிந்ததும் பிள்ளைகளைக் கிளப்ப வேண்டும், ஆராதனை முடிந்ததும் பெண்கள் ஐக்கியக் கூட்டம், வீடு திரும்ப ஒன்றரை மணி, வயிற்றில் பசி. அக்காவுக்கு இந்தக் கணக்கெல்லாம் எதற்கு? அவர் கண்ணில் பட்டது ஒன்றுதான்: இந்த அம்மா சாமி கும்பிட்டுவிட்டு வந்தால் கோபப்படுகிறார்.

முன்மாதிரியாக வாழ நினைக்கிற கிறிஸ்தவர்கள் நாம் செய்யும் முதல் தவறு இங்கேதான் இருக்கிறது. யார் பார்க்கிறார்கள் என்பதைத் தப்பாகக் கணக்குப் போடுகிறோம். ஐயர் (சபைப் போதகர்) பார்க்கிறார், சபையார் பார்க்கிறார்கள் என்று அங்கே சுத்தமாக இருக்கிறோம். நம்மை நிஜமாகப் படிப்பவர்கள் களைத்துப்போன நேரத்தில் நம்மோடு இருப்பவர்கள். வீட்டுப் பிள்ளைகள், வேலைக்கு வருகிறவர், சில்லறைக்குத் தகராறு செய்த ஆட்டோக்காரர். கர்த்தர் செய்த நன்மையைச் சபையில் எழுந்து நின்று சொல்வதையும் சாட்சி என்கிறோம், கோர்ட்டில் சொல்வதையும் சாட்சி என்கிறோம். கோர்ட்டில் குறுக்கு விசாரணை உண்டு. சபையில் கிடையாது. அந்த வேலையைத் தெருக்காரர்கள் செய்கிறார்கள்.

அடுத்தது பணம். புது வீடு கட்டியவர் எழுந்து, “கர்த்தர் இந்த வீட்டைக் கட்டிக் கொடுத்தார்” என்று சாட்சி சொல்வார். கர்த்தர் கட்டிக் கொடுத்தது சரி, கொத்தனாருக்குப் பாக்கி யார் கொடுப்பது? கூலிக்காரனுடைய கூலி விடியும்வரை உன்னிடத்தில் இருக்கக் கூடாது என்கிறது பைபிளில் லேவியராகமம் 19. பிடித்து வைத்த கூலியே கூக்குரலிடும் என்கிறது யாக்கோபு 5. வருமானத்தில் பத்தில் ஒரு பங்கான தசமபாகத்தைச் சபைக்குக் கணக்குப் பார்த்துக் கொடுத்துவிட்டு, சீட்டுப் பணத்துக்கு மூன்று மாதம் இழுத்தடிப்பவரின் ஜெபத்தைப் பக்கத்து வீட்டுக்காரர் எந்தக் காதால் கேட்பார்?

இந்த இடத்தில் மிஷனரி ஸ்வார்ட்ஸ் ஐயர் எனக்கு ஞாபகம் வருவார். ஜெர்மனியில் பிறந்து, 1750இல் தரங்கம்பாடிக்கு வந்து, கடைசியில் தஞ்சாவூரில் தங்கிவிட்டவர். ஹைதர் அலியின் படையெடுப்பின்போது தஞ்சைக் கோட்டைக்குள் தானியம் இல்லை. வெளியே நெல் இருந்தது, கொண்டுவர மாடு இல்லை. மாடு வைத்திருந்தவர்கள் வர மறுத்தார்கள். முன்பு வண்டி மாட்டோடு வந்தவர்கள் காசு கிடைக்காமல் ஏமாந்திருந்தார்கள். ராஜா சொல்லியும் ஒருவரும் நகரவில்லை. “பணத்துக்கு நான் பொறுப்பு” என்று ஸ்வார்ட்ஸ் சொல்லியனுப்பினார். ஓரிரு நாளில் ஆயிரம் மாடுகள் வந்து நின்றன. ஒவ்வொருவருக்கும் தன் கையாலேயே எண்ணிக் கொடுத்து, மேலே சின்னதாக ஓர் அன்பளிப்பும் கொடுத்தார். 1798இல் அவர் இறந்தபின் பளிங்கில் நினைவுச் சின்னம் வைத்தவர் சரபோஜி மன்னர். மன்னர் கடைசிவரை கிறிஸ்தவர் ஆகவில்லை.

ஆனால் கதையை இங்கேயே நிறுத்தினால் அதுவும் ஒரு வகைப் பொய். அதே தஞ்சைச் சபையில் சாதி பார்த்துத் தனித்தனியாகத்தான் உட்கார்ந்தார்கள், ஸ்வார்ட்ஸ் காலத்திலும். 1833இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதியை அறவே விட வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பியபோது, சாதியை விடாமல் சபையை விட்டு வெளியேறியவர்கள் பலர். பழைய கதையா? ஞாயிற்றுக்கிழமை மணமகள் தேவை பகுதியைப் பாருங்கள். இரட்சிக்கப்பட்ட, ஜெபசிந்தையுள்ள பெண் வேண்டும். அடுத்த வார்த்தை சாதி. நம் சாட்சியைக் கெடுக்கிற தவறுகளில் இதைவிடப் பெரிது எனக்குத் தெரியவில்லை. இதைப் பற்றி பிரசங்கம் கேட்டதும் அபூர்வம்.

அப்புறம் பக்கத்து வீட்டுப் பலகாரம். படைத்ததைச் சாப்பிடலாமா என்பதில் விசுவாசிகளுக்குள்ளேயே இரண்டு மனசு உண்டு. பைபிளில் அப்போஸ்தலர் பவுல் 1 கொரிந்தியர் 10இல் எழுதியதைப் படித்துவிட்டு, அவரவர் மனசாட்சிப்படி முடிவெடுக்கட்டும். தவறு, வேண்டாம் என்பதில் இல்லை. முகத்தைச் சுளிப்பதிலும், சிரித்துக்கொண்டே வாங்கி, கதவைச் சாத்தியதும் குப்பையில் கொட்டுவதிலும் இருக்கிறது. கொட்டுவதைப் பிள்ளை பார்த்துக்கொண்டு நிற்கும். “படைச்சது நாங்க சாப்பிடுறதில்லக்கா, தப்பா நினைக்காதீங்க” என்று சொல்ல அரை நிமிடம் ஆகுமா? டிசம்பரில் நாம் கொடுக்கும் கேக்கை அவர்கள் எதுவும் கேட்காமல் வாங்கிச் சாப்பிடுகிறார்கள்.

செய்த தர்மத்தைப் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் போடுவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வலது கை செய்வது இடது கைக்குத் தெரிய வேண்டாம் என்ற இயேசு, நூற்றைம்பது காண்டாக்ட் பற்றி என்ன சொல்லியிருப்பார் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

கடைசியாக ஒன்று, எனக்கு ரொம்பக் கஷ்டமானது. தவறே செய்யாதவர் மாதிரி நடிப்பது. மன்னிப்புக் கேட்டால் சாட்சி போய்விடும் என்று ஒரு பயம். இயேசுவைத் தெரியாது என்று அவருடைய சீஷர் பேதுரு மூன்று தடவை மறுதலித்ததை நான்கு சுவிசேஷங்களும் எழுதி வைத்திருக்கின்றன. சபையின் மூப்பராயிற்றே, மூடி மறைப்போம் என்று ஒருவரும் நினைக்கவில்லை. நாமோ பிள்ளையிடம் “அம்மா அப்படிக் கத்தியிருக்கக் கூடாது” என்று சொல்லக்கூட யோசிக்கிறோம்.

சரி, அக்காவுக்கு வருவோம். இரண்டு வாரம் தள்ளிப்போட்டு, ஒரு திங்கட்கிழமை மன்னிப்புக் கேட்டேன். அவர் சோப்புக் கையோடு சிரித்தார். “மன்னிப்பெல்லாம் எதுக்கும்மா? ஞாயித்துக்கிழமை லீவு குடுங்க, போதும்.”

ஓய்வுநாள் கட்டளையில் உன் வேலைக்காரியும் என்று சேர்த்தே எழுதியிருக்கிறது. பத்துக் கட்டளைகளையும் தப்பில்லாமல் ஒப்பித்து ஓய்வுநாள் பள்ளியில் பரிசு வாங்கியவள் நான். இப்போது ஞாயிற்றுக்கிழமைப் பாத்திரம் என் வீட்டுக்காரர் பொறுப்பு. குழம்புச் சட்டியை மட்டும் திங்கட்கிழமைக்கு ஊறப்போட்டுவிடுகிறார்.