ஒரு ரப்பர் மரத்தைப் பிடித்துக்கொண்டு நூலகம் முழுவதையும் சுற்றி வருவது எப்படி?

"நல்ல புத்தகம் ஒன்று சொல்லுங்கள்" என்று யாரைக் கேட்டாலும், அவர் படித்ததைத்தான் சொல்வார். இணையக் கடையும் அப்படித்தான். நேற்று ஒரு நாவல் வாங்கியிருந்தால், இன்று இன்னும் பத்து நாவல்களைக் கண்முன் கொண்டுவந்து நிறுத்தும். இந்த இரண்டையும் நம்பி இருந்தால் நாவல் வாசகர் நாவலோடு நின்றுவிடுவார். கொசுவைப் பற்றிய நூல் ஒன்றைக் கையில் எடுக்கவே மாட்டார். எடுத்தால் கீழே வைக்கமாட்டார் என்பது வேறு விஷயம்.

கோலாலம்பூரில் வசிப்பவர்களுக்கு இதிலிருந்து வெளியே வர எளிய வழி ஒன்று இருக்கிறது. ஒரு குறிப்பேடு, பென்சில், அடையாள அட்டை, ரயில் கட்டணம், அரைநாள் ஓய்வு ஆகியவை போதும்.

படி 1: புத்தகத்தை விடுங்கள், பொருளைப் பிடியுங்கள்

தலைப்பும் எழுத்தாளர் பெயரும் இப்போதைக்கு வேண்டாம். கண்ணால் காணக்கூடிய, கையால் தொடக்கூடிய ஏதாவது ஒரு பொருளைத் தேர்ந்தெடுங்கள். தேநீர், செம்பனை, ரயில், மீன், நகை என்று எதுவாகவும் இருக்கலாம். "வெற்றி", "மகிழ்ச்சி" போன்றவற்றை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அவை உங்களைத் தன்முன்னேற்ற அலமாரியில் கொண்டுபோய்ச் சேர்க்கும். அங்கே போனவர்கள் அவ்வளவு சுலபமாகத் திரும்புவதில்லை.

நான் இங்கே ரப்பரை எடுத்துக்கொள்கிறேன். பாட்டனோ பூட்டனோ பால் வெட்டிய கதை இல்லாத தமிழ்க் குடும்பம் இந்த நாட்டில் குறைவு.

படி 2: நூலின் முதுகில் ஒட்டிய எண்ணைப் படிக்கப் பழகுங்கள்

பொது நூலகங்களில் பெரும்பாலும், நூல்களைத் துறைவாரியாக எண்ணிட்டு அடுக்கும் டியூயி தசம வகைப்பாடுதான் நடைமுறையில் இருக்கிறது. மெல்வில் டியூயி என்ற அமெரிக்கர் 1876இல் வெளியிட்ட முறை இது. (ரப்பர் விதைகளை ஹென்றி விக்ஹாம் பிரேசிலிலிருந்து லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனதும் அதே 1876இல்தான். அடுத்த ஆண்டே கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்துவிட்டன.)

நூலின் முதுகில் 633.8952 என்று ஒட்டியிருந்தால் இப்படிப் படிக்க வேண்டும்: முதலில் வரும் 6 தொழில்நுட்பம். 63 என்றால் அதற்குள் வேளாண்மை. 633 என்றால் வயல், தோட்டப் பயிர்கள். புள்ளிக்குப் பிறகு வருவது அந்தப் பயிர்களில் ரப்பர். எண்ணுக்குக் கீழே இருப்பவை பெரும்பாலும் ஆசிரியர் பெயரின் முதல் எழுத்துகள்.

புதியவர்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. 633.8952 முதலில் வரும், 633.9 பிறகுதான் வரும். புள்ளிக்குப் பின் உள்ளதை எட்டாயிரத்துச் சொச்சம் என்று படிக்காமல், ஓர் இலக்கம் ஓர் இலக்கமாக ஒப்பிட்டுப் பாருங்கள். இது பிடிபட்டுவிட்டால் நூலகத்தில் யாரிடமும் வழி கேட்க வேண்டியதில்லை.

சில பல்கலைக்கழக நூலகங்களில் ஆங்கில எழுத்தில் தொடங்கும் வேறொரு முறை இருக்கும். அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

படி 3: பட்டியலில் தேடி, எண்களை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள்

நூலகத்தின் கணினிப் பட்டியலில் உங்கள் சொல்லை மூன்று மொழிகளிலும் தேடுங்கள். ஆங்கிலத்தில் ரப்பர், மலாயில் கெத்தா, பிறகு தமிழில். தமிழ் நூல்களின் தலைப்பைச் சில பட்டியல்களில் ஆங்கில எழுத்தில் ஏற்றியிருப்பார்கள். தமிழ் எழுத்தில் ஒன்றும் அகப்படாவிட்டால் அப்படியும் ஒருமுறை தட்டிப் பாருங்கள்.

வரும் தலைப்புகளைப் பார்த்து மயங்க வேண்டாம். வெவ்வேறு எண்கள் என்னென்ன வருகின்றன என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். டியூயி முறையில் ஒரு பொருளைப் பற்றிய நூல்கள் எல்லாம் ஒரே இடத்தில் இருப்பதில்லை. அந்தப் பொருளை எந்தத் துறை ஆராய்கிறதோ அந்தத் துறையின் அலமாரிக்கு நூல் போய்விடும். தேடுபவர்கள் இதைக் குறையாகச் சொல்வார்கள். நமக்கோ இதைவிட வசதி வேறில்லை.

படி 4: நடங்கள்

டத்தாரான் மெர்டேக்காவை ஒட்டியிருக்கும் கோலாலம்பூர் நூலகம் தொடங்குவதற்குத் தோதான இடம். மஸ்ஜிட் ஜாமெக் எல்ஆர்டி நிலையத்தில் இறங்கி நடந்தே போய்விடலாம். அங்கே இல்லாதவற்றுக்கு ஜாலான் துன் ரசாக்கில் தெங்கோலோக் என்ற மலாய்த் தலைப்பாகை வடிவக் கூரையோடு நிற்கும் தேசிய நூலகம் இருக்கிறது.

ரப்பர் என்னை எங்கெல்லாம் இழுத்துப் போகும் என்று பாருங்கள். 633இல் மரம் வளர்ப்பு, பட்டையை எந்தக் கோணத்தில் சீவினால் மரம் பிழைக்கும் என்ற கணக்கு. 678இல் மங்கில், அதாவது மரத்தில் கட்டிய கிண்ணத்தில், சேர்ந்த பால் டயராக மாறும் வேதியியல். 338இல் விலை ஏறி இறங்கிய கதை. 331இல் கூலி, கங்காணி, 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தங்கள்.

இதுவரை யாரும் எதிர்பார்ப்பதுதான். 614இல்தான் வழி வேறு பக்கம் திரும்புகிறது. அது பொதுச் சுகாதாரம். காட்டை அழித்துத் தோட்டம் போட்ட இடங்களில் மலேரியா வாரிக்கொண்டு போனது. மலேரியாவைக் கொசு பரப்புகிறது என்ற உண்மைக்கு 1897இல் ரொனால்ட் ராஸ் அடிகோலினார். சில ஆண்டுகளிலேயே, 1901இல், மால்கம் வாட்சன் என்ற மருத்துவர் கிள்ளானில் சதுப்பு நீரை வடித்துக் கொசுவை ஒழிக்கத் தொடங்கினார். அந்தக் கொசுவைத் துரத்திக்கொண்டு போனால் 595, பூச்சியியல். ரப்பரைத் தேடி வந்தவர் கையில் இப்போது கொசுவின் இறக்கையைப் பெரிதாக்கிக் காட்டும் படம் இருக்கும்.

அங்கிருந்து 940.54, இரண்டாம் உலகப் போர். 1942-43இல் ஜப்பானியப் படை போட்ட சயாம்-பர்மா ரயில் பாதைக்காகத் தோட்டத் தமிழர்கள் பல்லாயிரக்கணக்கில் கொண்டு செல்லப்பட்டார்கள். 415 கிலோமீட்டர் பாதை. அதற்குப் பிறகு 959.5, மலேசிய வரலாறு. கடைசியில் 894.811, தமிழ் இலக்கியம். இத்தனை அலமாரிகளைத் தாண்டி வந்து படிக்கும்போது, தோட்டத்தைப் பற்றிய ஒரு சிறுகதையில் முன்பு கண்ணில் படாத பத்து விஷயங்கள் தெரியும்.

ஒவ்வோர் எண்ணிலும் நீங்கள் தேடிய நூலை மட்டும் எடுத்துக்கொண்டு ஓடாதீர்கள். அதன் இரு பக்கமும் ஒரு முழம் அளவுக்குப் பாருங்கள். சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன், 1933இல் கோலன் வகைப்பாடு என்ற இன்னொரு நூல் அடுக்கு முறையைத் தந்தவர், இதைக் கோட்பாடாகவே வகுத்திருக்கிறார்: அலமாரியில் நடுவே தேடிய பொருள், இரு புறமும் அதற்கு நெருங்கியவை, அதற்கு அப்பால் அந்நியமானவை. அந்த நெருங்கியவைதான் உங்களுக்கு வேண்டியவை.

படி 5: பத்து நிமிடச் சோதனை

பின்னட்டையைப் படிக்காதீர்கள், அது விளம்பரம். பொருளடக்கத்தைப் பாருங்கள். பிறகு கடைசிப் பக்கங்களில் உள்ள சொல்லடைவில் உங்கள் பொருளைத் தேடி, அந்தப் பக்கத்தை மட்டும் படியுங்கள். பிடித்தால் இரவல் வாங்குங்கள். பிடிக்காவிட்டாலும் துணைநூற்பட்டியலைப் புரட்டி இரண்டு பெயர்களைக் குறித்துக்கொண்டு திரும்ப வையுங்கள்.

படி 6: எண் ஒட்டப்படாதவற்றைத் தேடுங்கள்

எல்லா அறிவும் அலமாரிக்கு வந்துவிடுவதில்லை. கோயில் கும்பாபிஷேக மலர், தமிழ்ப்பள்ளி ஆண்டு மலர், சங்கங்களின் வெள்ளிவிழா மலர் ஆகியவற்றில் தோட்டங்களின் வரலாறு கொட்டிக்கிடக்கிறது. நூலகத்திலிருந்து மஸ்ஜிட் இந்தியா சாலைக்கு நடக்கும் தூரம்தான். அங்கே புத்தகம் விற்பவர்களிடம் "அண்ணே, பழைய மலர் ஏதாவது உள்ளே கிடக்கிறதா?" என்று கேட்டுப் பாருங்கள். முன் மேசையில் இருக்காது. மேலே கட்டி வைத்த மூட்டையில் இருக்கலாம். கேட்காதவருக்கு எடுத்துக் காட்டமாட்டார்கள்.

உள்ளூர்ப் பதிப்பு கடையில் தீர்ந்துபோயிருந்தால் தேசிய நூலகத்தை மறந்துவிடாதீர்கள். 1986ஆம் ஆண்டுச் சட்டப்படி, மலேசியாவில் வெளியாகும் நூல்களைப் பதிப்பாளர்கள் அங்கே ஒப்படைக்க வேண்டும். இந்தப் பிரதிகளை வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. கவுண்டரில் கேட்டு அங்கேயே உட்கார்ந்து படிக்க வேண்டும். பழந்தமிழ் நூல்களுக்கு 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் என்ற இணைய நூல் தொகுப்பும், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் இருக்கின்றன, இரண்டும் இலவசம்.

படி 7: வாங்கினால் ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்

வருமான வரி கட்டுபவராக இருந்தால், வாழ்க்கைமுறைச் செலவுக்கான 2,500 ரிங்கிட் வரி விலக்கில் புத்தகமும் அடங்கும். கணினி, இணையக் கட்டணம் எல்லாம் அதே கணக்கில்தான் வரும் என்பதால் பலருக்குப் புத்தகம் நினைவுக்கு வருவதே இல்லை. ஏழு ஆண்டுகளுக்கு ரசீதைப் பாதுகாக்க வேண்டும். கடைகளில் தரும் வழுவழுப்பான தாளில் அச்சு அதற்குள் மங்கிவிடும், ஆகவே வாங்கிய அன்றே கைபேசியில் படம் எடுத்துவிடுங்கள்.