வெஸ்தா: பெயரின் வேரைத் தேடும்போது இடறும் இடங்கள்

ரோமானியரின் அடுப்புத் தெய்வத்தை ‘வெஸ்டா’ என்று எழுதுவது ஆங்கிலம் வழியே வந்த பழக்கம். பழைய லத்தீனில் முதலெழுத்தை உதடு குவித்துச் சொன்னார்கள். அடுத்து வரும் தகரம் பல்லில் நாக்குப் பட ஒலிப்பது. அதனால் ‘வெஸ்தா’ தான் மூலத்துக்கு நெருக்கம்.

அடுத்த தவறு, பெயருக்கு ‘ஆடை’ என்று பொருள் சொல்வது. ஆடைக்கு லத்தீனில் வெஸ்திஸ். அது நமக்குத் தெரிந்த வஸ்திரத்தின் உறவு. உடுத்துவதைக் குறிக்கும் வேரிலிருந்து வந்தது. வெஸ்தாவுக்கு அதில் பங்கில்லை. அதேபோல வேட்டல், வேள்வி எல்லாம் தீயோடு தொடர்புள்ள சொற்கள் என்பதற்காக அவற்றை இங்கே இழுத்து வரவும் கூடாது. ஓசை ஒத்துப்போவது மட்டும் சான்றாகாது.

பழங்கால ரோமானியரே சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்புவதும் ஆபத்து. ரோமானியக் கவிஞர் ஓவிட், விழா நாட்களைப் பாடும் தன் ‘ஃபாஸ்தி’ நூலின் ஆறாம் பாகத்தில், வெஸ்தாவும் பூமியும் ஒன்றே எனக் கொண்டு, பூமி தன் வலிமையால் நிற்கிறது, ‘வீ ஸ்தந்தோ’, அதாவது வலிமையால் நிற்பதால் வெஸ்தா என்கிறார். அழகான சொல்விளையாட்டு, வேர்ச்சொல் ஆய்வு அல்ல. ரோமானிய எழுத்தாளர் சிசரோவோ பெயர் கிரேக்கரிடமிருந்து வந்தது, அவர்களின் அடுப்புத் தெய்வமான ஹெஸ்தியாதான் இவள் என்று முடித்துவிடுகிறார். சரி, கடன் வாங்கிய பெயர் என்றால் முதலில் உள்ள வகரம் எங்கிருந்து வந்தது? இரண்டும் ஒரே வேரில் கிளைத்தவை என்றால் கிரேக்கத்தின் ஹகரம் இடறுகிறது. அதனால் இந்த உறவைத் தீர்ந்துபோன விஷயமாக எழுதிவிடாதீர்கள்.

மொழியியலாளர்கள் முக்கியமாக இரண்டு வேர்களைப் பேசுகிறார்கள். ஒன்று ‘தங்கு, குடியிரு’. சமஸ்கிருத வாசம், வாஸ்து எல்லாம் அந்த வழி. மற்றது ‘எரி’. நாம் தினமும் சொல்லும் உஷ்ணம் அதிலிருந்து வந்ததுதான். வீட்டின் நடுவில் எரியும் தீ என்பதால் இரண்டுமே பொருந்துகின்றன. பொருந்துகிறது என்பதற்காக இரண்டையும் கலந்து ‘வீட்டு நெருப்பு’ என்று ஒரே பொருளாகக் கட்டிவிடுவதைத்தான் அடிக்கடி பார்க்கிறேன். ஒரு சொல்லுக்கு வேர் ஒன்றுதான் இருக்க முடியும். ‘இது அல்லது அது’ என்று எழுதுவதே நேர்மை.

அப்புறம், கிரேக்கத்தில் ஹெஸ்தியா என்றால் அடுப்பு என்றே பொருள். லத்தீனில் அப்படி இல்லை. வீட்டு அடுப்புக்கு அங்கே ஃபோகுஸ் என்று தனிச்சொல் உண்டு. இத்தாலியரின் ‘ஃபுவோகோ’, அதாவது நெருப்பு, அதிலிருந்து வந்தது. அடுப்பையோ தீயையோ வெஸ்தா என்று சொன்னவர்கள் கவிஞர்கள்.

ரோமின் ஃபோரத்தில், அதாவது நகரின் பொதுச் சதுக்கத்தில், இருந்த அவளது வட்டக் கோயிலில் தீயைக் காக்க வெஸ்தாவின் கன்னியர் ஆறு பேர், ஆளுக்கு 30 ஆண்டு பணி. ஆண்டுதோறும் மார்ச் 1 அன்று அந்தத் தீயைப் புதுப்பித்தார்கள். உள்ளே சிலை இருக்கும் என்றே தான் வெகுகாலம் நினைத்திருந்ததாக ஓவிட் ஒப்புக்கொள்கிறார். அங்கே சிலை இல்லை. உயிருள்ள சுடரே வெஸ்தா என்று புரிந்துகொள் என்கிறார்.